பகா எண்ணுக்குப் போர்த்திய துணி

ஜூன் 4, புதன்

என்னப்பா நோட்டு, நல்லா இருக்கியா? ஒரு மாதமாகத் திறந்துகூடப் பார்க்கவில்லை என்று கோபமா? அலமாரிக்குள் கிடந்தாலும் உன் மேல் மாவு படிந்துதான் இருக்கிறது. தட்டினேன், இரண்டு தும்மல் போட்டேன், இனி பேசலாம்.

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன், நீ பொறுத்துக்கொள்வாய்.

இன்றைக்கு மில்லில் தையல்காரர் சம்சாரம் கோதுமை அரைக்க வந்தது. மிஷினிலிருந்து விழும் முதல் பிடி மாவு முந்தி அரைத்தவருடையது என்று அதற்கு எப்போதும் ஒரு சந்தேகம். சந்தேகம் இல்லை, நிஜம்தான். கல்லுக்குள் ஒட்டிக்கொண்டது அடுத்தவர் மாவில்தான் வந்து விழும். அந்தப் பிடியை நான் ஒதுக்கிவிடுவேன். "ஒதுக்கினதை என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டது. "பசை காய்ச்சுவேன்" என்றேன். நம்பவில்லை. நம்பாதவர்களோடு பேசினால் பொழுது நன்றாகப் போகும்.

எங்கேயோ போய்விட்டேன். தம்பியைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். காலையில் டிப்போவுக்குப் போகும் வழியில் எட்டிப் பார்த்தான். பஸ்கள் எத்தனை மணிக்கு வந்தன, போயின என்று குறிப்பதுதான் அவன் வேலை. மில்லுக்குப் பின்னறையில் இருக்கிற கம்ப்யூட்டரைத் தொட்டுப் பார்த்தான், திருப்தியாகப் போனான். அவ்வளவுதான் விஷயம். ஆனால் அவன் முகத்தில் திருப்தியைப் பார்த்தால் எனக்கு வயிறு நிறைந்த மாதிரி. அப்பா போன பிறகு மில் என் தலையில் விழுந்தது, படிப்பு அவன் தலையில் விழுந்தது. இருவரும் அவரவர் சுமையை ஒழுங்காகத்தான் தூக்கினோம்.

ஜூன் 9, திங்கள்

தம்பிக்குக் கம்ப்யூட்டரில் கடிதம் வந்திருக்கிறது. வெளிநாட்டிலிருந்து. எண் சங்கதி.

நோட்டு, உனக்கு இந்த எண் சங்கதியைச் சொன்னதில்லை அல்லவா? தம்பி எனக்குச் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். பன்னிரண்டு கிலோ மாவு இருந்தால் இரண்டிரண்டாக, மும்மூன்றாக, நாலு நாலாகச் சமமாகப் பை கட்டலாம். பதிமூன்று கிலோவை அப்படிக் கட்ட முடியாது. ஒரே பையில் கட்டு, இல்லை ஒவ்வொரு கிலோவாகக் கட்டு. இடையில் எதற்கும் மசியாது. அப்படிப் பிடிவாதம் பிடிக்கிற எண்தான் பகா எண்.

உலகத்தில் ஆயிரக்கணக்கான பேர் சேர்ந்து, இதுவரை கிடைத்ததைவிடப் பெரிய பகா எண்ணைத் தேடுகிறார்கள். இரண்டை இரண்டால் பெருக்கி, வந்ததை மறுபடி இரண்டால் பெருக்கி, கோடிக்கணக்கான தடவை அப்படியே போய், கடைசியில் ஒன்றைக் கழித்தால் ஒரு எண் வரும். எழுதினால் நம் மில் சாக்குகள் பத்தாது. ஆளுக்கொரு எண்ணை வாங்கி வீட்டுக் கம்ப்யூட்டரில் ஓட்டுவார்கள். நம்முடையதில் ஒரு எண்ணுக்கு நாற்பது நாள், நிறுத்தாமல். முடிவில் மீதி பூஜ்யம் என்று வந்தால் பகா எண். வேறு எது வந்தாலும் வெறும் எண், தூக்கிப்போட்டுவிட்டு அடுத்தது. தம்பி ஏழு வருஷமாகத் தூக்கிப்போட்டுக்கொண்டேயிருக்கிறான்.

ஒருவர் ஓட்டிய எண்ணைச் சில வருஷம் கழித்து முன்பின் தெரியாத இன்னொருவர் மறுபடி ஓட்டிச் சரிபார்ப்பார். அது அவர்கள் வழக்கம்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் தம்பி ஓட்டி, பகா எண் இல்லை என்று சொன்ன ஒன்றை இப்போது கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு நர்ஸம்மா ஓட்டியிருக்கிறார். அவருக்கு மீதி பூஜ்யம்.

அதுதான் கடிதம். இரண்டு மிஷினில் ஒன்று தப்பு. பெரிய மிஷின்களில் போட்டு இன்னும் இரண்டு வாரத்தில் தீர்த்துச் சொல்வார்களாம். அதற்குள் உங்கள் மிஷின் அப்போது எந்த நிலையில் ஓடியது என்று தெரிவியுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள்.

ஜூன் 10, செவ்வாய்

தம்பி வந்து சூட்டு நோட்டை எடுத்துப் போனான்.

அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தது நான்தான்.

ஜூன் 12, வியாழன்

சூட்டு நோட்டு என்றால் என்ன என்று உனக்குச் சொல்லியாக வேண்டும். வேறு யாரிடம் சொல்வேன்?

கம்ப்யூட்டர் முதலில் தம்பி வீட்டில்தான் இருந்தது. ராப்பகலாக இரைந்ததில் அவன் பெண்டாட்டி அதற்குச் சக்களத்தி என்று பெயர் வைத்தாள். "மாமா, நான் காய்ச்சல்ல படுத்தா உங்க தம்பி திரும்பிப் பார்க்கமாட்டாரு. அவளுக்கு உடம்பு சுட்டா மட்டும் ரெண்டு வேளையும் நோட்டுல எழுதி வைப்பாரு. ஒரு வீட்டுல ரெண்டு பேர் ஆகாது, நீங்களே கூட்டிட்டுப் போங்க" என்றாள். அப்படித்தான் அது என் மில்லின் பின்னறைக்கு வந்தது.

தம்பி பகலில் இருக்கமாட்டான். அதனால் பதினோரு மணிக்கும் மூன்று மணிக்கும் திரையின் ஓரத்தில் தெரிகிற சூட்டை நோட்டில் எழுதுவது என் வேலை. எழுபதைத் தாண்டினால் உடனே அவனுக்குப் போன் பண்ண வேண்டும். சூடு மிஞ்சினால் கணக்கு தடுமாறும், அது தடுமாறினது நமக்கே தெரியாது என்று சொல்லியிருந்தான். இன்னொன்றும் சொன்னான்: "அண்ணே, எது வேணா பண்ணு, அதை மட்டும் மூடிடாதே. அது மூச்சு விடணும்."

நான் மூடினேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், மக்காச்சோள வரத்துக் காலம். ஒரு நாளைக்கு முப்பது மூட்டை. கதவை அடைத்தாலும் புகை மாதிரி மாவு உள்ளே போகும். தம்பி அதன் காற்று ஓட்டைக்கு வலை போட்டிருந்தான், அந்த வலையே கம்பளி மாதிரி ஆகிவிட்டது. எனக்கு மனசு கேட்கவில்லை. தம்பி ஆசை ஆசையாக வாங்கியது, மாவு தின்று செத்துப்போகுமே என்று, துவைத்த சாக்குத் துணியை நாலாக மடித்துப் போர்த்திச் சணலால் கட்டினேன். பிள்ளைக்குக் குல்லா கட்டுவது போல. காலையில் கட்டுவேன், அவன் வருவதற்கு முன் சாயங்காலம் அவிழ்ப்பேன்.

முதல் நாள் பதினோரு மணிக்குத் துணியைத் தூக்கிப் பார்த்தால் தொண்ணூற்றாறு.

பயந்துபோய் அப்படியே நின்றேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே இறங்கியது. எண்பது, எழுபத்திரண்டு, அறுபத்துநாலு. அறுபத்துநாலு என்று எழுதினேன். திரும்பக் கட்டினேன்.

அதற்கப்புறம் அதுவே பழக்கமாகிவிட்டது. பத்து நிமிஷம் முன்னால் அவிழ்ப்பது, இறங்கவிடுவது, எழுதுவது, கட்டுவது. நான் பொய் எழுதவில்லையே, திரையில் இருந்ததைத்தானே எழுதினேன் — இப்படி என்னையே ஏமாற்றிக்கொண்டேன். பார்த்ததைத்தான் எழுதினே. எப்பப் பார்த்தே? அதைச் சொல்லுடா.

ஜூன் 15, ஞாயிறு

சொல்லிவிடுவது என்றுதான் தம்பி வீட்டுக்குப் போனேன்.

அவன் மேஜைமேல் சூட்டு நோட்டு. ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ பிடித்து வெளிநாட்டுக்கு அனுப்பியாகிவிட்டது. கூடவே நீளமாக ஒரு பதில். எங்கள் மிஷின் ஒரு நாள்கூட அறுபத்தைந்தைத் தாண்டவில்லை, இதோ ஆதாரம், தவறு எங்கள் பக்கம் இருக்க வாய்ப்பில்லை, அந்த அம்மாவின் மிஷினைப் பரிசோதியுங்கள் என்று. எனக்குப் படித்துத் தமிழிலும் சொன்னான்.

"ஒருவேளை நம்ம பக்கம்…" என்று ஆரம்பித்தேன்.

"சும்மா இருண்ணே. வருஷக்கணக்கா ரெண்டு வேளையும் எழுதியிருக்கே, ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது. அங்க படிச்சவன் எவன்கிட்டயாவது இப்படி ஒரு நோட்டு இருக்குமா?"

அவன் பெண்டாட்டி தட்டு வைத்தாள். சாப்பிட்டேன். என்ன சாப்பிட்டேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வரும் வழியில் செருப்புத் தைக்கிறவர் கூப்பிட்டார், அவரிடம் அரை மணி நேரம் மாட்டின் பல்லைப் பற்றிப் பேசினேன். வாய் இருக்கிறதே, தேவையில்லாத இடத்தில் எல்லாம் ஓடும்.

ஜூன் 19, வியாழன்

இன்றும் சொல்லவில்லை.

ஜூன் 23, திங்கள்

பகா எண்தான்.

நாலு பெரிய மிஷினில் போட்டார்களாம், நாலிலும் பூஜ்யம். இதுவரை கிடைத்ததில் இதுதான் பெரிது. கண்டுபிடித்தவர் அந்த நர்ஸம்மா. பத்திரிகையில் எல்லாம் போடுவார்களாம்.

தம்பி டிப்போவுக்கு லீவு சொல்லிவிட்டுப் பின்னறையில் வந்து உட்கார்ந்திருந்தான். கம்ப்யூட்டரின் பக்கத் தகட்டைக் கழற்றி ஒவ்வொரு திருகாகத் துடைத்துக்கொண்டிருந்தான். எந்த இடத்தில் அது சறுக்கியது என்று தேடுகிறானாம். என்னைப் பார்த்ததும் சிரித்தான். அந்தச் சிரிப்பை எழுத எனக்கு எழுத்துப் போதாது.

"நாற்பது நாள் என் கையில இருந்துச்சுண்ணே. நான்தான் தூக்கிப்போட்டேன்" என்றான்.

வெளியே தையல்காரர் சம்சாரம் கோதுமையோடு காத்திருந்தது. போய் அரைத்துக் கொடுத்தேன். முதல் பிடியை ஒதுக்க மறந்துவிட்டேன்.

ஜூன் 24, செவ்வாய்

சொல்லிட்டேன்.

சாக்குத் துணி, சணல், தொண்ணூற்றாறு, பத்து நிமிஷம், எல்லாத்தையும். இந்தத் தடவை எங்கேயும் சுத்தல. நேரா சொல்லிட்டேன்.

அவன் கத்துவான் என்று நினைத்தேன். கத்தவில்லை. கையிலிருந்த திருப்புளியைப் பெட்டிக்குள் வைத்தான். பெட்டியை மூடினான். பிறகு சொன்னான்:

"மூடினதுகூடப் பரவாயில்ல. பாசத்துல மூடினே. எழுதினே பாரு, அது எதுல எழுதினே?"

நீ திட்டக் கூடாதுன்னு எழுதினேன்டா. அதைக்கூட வாய்விட்டுச் சொல்ல முடியல.

வாசல்வரை போய்விட்டுத் திரும்பினான். "நல்ல எண்ணைப் போய் ஆகாததுன்னு என் வாயால சொல்ல வச்சுட்டே. சரியா கண்டுபிடிச்ச அம்மாவைப் பொய்யின்னு என் கையால எழுத வச்சுட்டே."

போய்விட்டான். சைக்கிளை மறந்துவிட்டு நடந்தே போனான்.

ஜூலை 3, வியாழன்

ஒன்பது நாளாக அவன் வரவில்லை. கம்ப்யூட்டர் அணைந்து கிடக்கிறது. மில் ஓடாத நேரத்தில் பின்னறை அவ்வளவு அமைதியாக இருக்கும் என்று இத்தனை வருஷம் எனக்குத் தெரியாது.

சைக்கிளை எடுத்துப்போக அவன் பெண்டாட்டிதான் வந்தாள். வழக்கமான கேலி ஒன்றும் இல்லை. சக்களத்தி என்றுகூடச் சொல்லாமல் "அந்த மிஷின்" என்றாள். எனக்கு அதுதான் அதிகம் வலித்தது.

நர்ஸம்மாவுக்கு மன்னிப்புக் கேட்டுத் தம்பி கடிதம் போட்டானாம். சூட்டு நோட்டை நம்ப வேண்டாம் என்று மற்றவர்களுக்கும் எழுதிவிட்டானாம்.

"என்னைப் பத்தி எழுதினானா?" என்று கேட்டேன்.

"மிஷினை மூடி ஓட்டிட்டோம்னுதான் மாமா எழுதியிருக்காரு. யாரு என்னன்னு இல்ல" என்றாள். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கொஞ்ச தூரம் போனவள், நின்று, "நீங்க வேளாவேளைக்குச் சாப்பிடுங்க" என்றாள்.

ஜூலை 6, ஞாயிறு

சின்ன வயதில் அவன் கணக்குப் பரீட்சைக்குப் போகும்போது பென்சிலை நான்தான் சீவிக் கொடுப்பேன். கூராக இருக்க வேண்டும் என்று சீவிச் சீவி, போவதற்குள் பாதிப் பென்சிலைத் தீர்த்துவிடுவேன். அப்போதும் அவன் ஒன்றும் சொன்னதில்லை. சொல்லியிருக்கலாம். யாராவது அப்போதே என் கையில் ஒன்று போட்டிருக்கலாம்.

ஜூலை 13, ஞாயிறு

இன்றைக்கு மில் கிடையாது. கூட்டிக்கொண்டிருந்தேன். தம்பி வந்தான். ஒரு தாளும் பேனாவும் கையில். சோள மூட்டைமேல் உட்கார்ந்தான். அண்ணே என்று கூப்பிடவில்லை, நேராக விஷயத்துக்கு வந்தான்.

அந்த எண்ணோடு போகவில்லையாம் இது. பின்னறைக்குள் மாவு புகாமல் கண்ணாடித் தடுப்புப் போடுகிறவரை இரண்டு வரத்துக் காலம் நான் மூடியிருக்கிறேன். அந்தக் காலத்தில் இன்னும் பதினோரு எண்களை இதே மிஷினில் ஓட்டி, எல்லாமே ஆகாது என்று சொல்லியிருக்கிறான். அதில் எதெது துணிக்கு அடியில் ஓடியது, எதெது ஓடவில்லை என்று தெரிய வேண்டும். ஓடியதை எல்லாம் முதலிலிருந்து மறுபடி ஓட்டப் போகிறானாம். ஒவ்வொன்றும் நாற்பது நாள்.

"நோட்டு உதவாது. நீதான் சொல்லணும். எந்தெந்த நாள் மூடினே?"

தேதி எனக்கு எப்படி நினைவிருக்கும்? ஆனால் அன்றன்றைக்கு என்ன நடந்தது என்பது நினைவிருக்கிறது. மோட்டார் புகைந்து நாலு நாள் மில் ஓடவில்லை, அப்போது மூடவில்லை. மோட்டார்க்காரர் வந்த அன்று அவர் மகளுக்கு ரிசல்ட், பாஸ் என்று போன் வந்ததும் ஸ்பேனரைக் காலில் போட்டுக்கொண்டார். தம்பி உடனே "ரிசல்ட் வந்த வாரம்" என்று குறித்தான். அவன் மாமனாருக்குக் கண் ஆபரேஷன் நடந்தபோது நான்தான் ஆஸ்பத்திரியில் துணைக்கு இருந்தேன், அந்த ஐந்து நாள் மூட ஆள் இல்லை. அதையும் குறித்தான். நான் எங்கெங்கோ போனேன், அவன் தடுக்கவில்லை. சிரிக்கவும் இல்லை. ஒன்றரை மணி நேரம் என் முகத்தையும் தாளையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே எழுதினான்.

பதினொன்றில் ஏழுக்கு நாள் தேறிவிட்டது. அதில் ஐந்து துணிக்கு அடியில் ஓடிக் கெட்டது. முதலாவதை ஓட்ட இப்போது பின்னறைக்குள் போயிருக்கிறான். மின்விசிறிச் சத்தம் கேட்கிறது.

போன எண் போனதுதான். அது அந்த அம்மாவுடையது, அவர் பெயரோடுதான் இருக்கும், அதுதான் நியாயம். இந்த ஐந்தில் ஒன்று தேறினாலும் அதற்கு இது ஈடாகாது. தேறாமலும் போகும், தேறாது என்றுதான் தம்பியும் சொல்கிறான். அப்புறம் ஏன்டா ஓட்டுறே என்று கேட்டதற்கு, சொன்ன சொல் சரியா இல்லையா என்று தெரிந்துகொள்ள வேண்டாமா என்றான்.

மீதி நாலு எண்ணுக்கு நாள் யோசிக்க வேண்டும். மழைக்காலத்து நாட்கள் எனக்குக் குழம்பும் — இரு, உள்ளேயிருந்து குரல் கொடுக்கிறான். "அண்ணே, சோள லாரி சாக்கடையில இறங்கிச்சே, அது எந்த மாசம்? இங்க வந்து சொல்லு."

அது மாசக் கடைசி. எப்படித் தெரியும் என்றால், அன்றைக்குத்தான் அந்த லாரி டிரைவர் தன் மச்சானைக் கூட்டிக்கொண்டு — இரு, மறுபடி கூப்பிடுகிறான், போய் அவனிடமே சொல்கிறேன்.