பருந்துக்கு வைத்த ஈரல்

பிடிபட்ட பருந்தைக் கூண்டோடு தூக்கிக்கொண்டு பொன்முடி மலைக்குப் போகும் பஸ்ஸுக்குக் கிளம்புமுன், பால் வாங்கப் போயிருந்த மனைவிக்குத் தளவாய் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினான்:

"செல்லத்தாயி, குஞ்சு தூக்கின பருந்தை அடிச்சுக் கொல்லணும்னு சண்டை போட்டே. எனக்கு மனசு வரல்லை. மலையில விட்டுட்டு சாயங்காலம் வந்திருதேன். அதைப் பிடிக்க உன் செவலைக் கோழியைப் பொறியோட உள்கூண்டுல இரைகாட்டி வச்சேன். கோழிக்கு ஒரு இறகுகூடப் போகல்லை. சாவி பக்கத்து வீட்டு சுஜாகிட்ட இருக்கு."

கூண்டைச் சாக்கால் மூடப் போனபோது, பருந்து தின்றது போக மிச்சமாக, பொடியாக நறுக்கிய ஈரல் மூலையில் கிடந்தது. தளவாய் தாளின் அடியில் நெருக்கி எழுதினான்:

"நேத்து குழம்புல எனக்கு ஈரல் கிடைக்காத காரணம் இப்பத்தான் புரிஞ்சுது, கேட்டியா. மலையில விடும்போது, நீ விசாரிச்சதாப் பருந்துகிட்ட சொல்லுதேன்."