பெட்டி மூடும் நேரம் அணைந்த கணினி

அன்புக்குரிய என் அண்ணை,

அக்கா இன்னும் என்னோடு சரியாகக் கதைப்பதில்லை. இதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

நெஞ்சு நோகுது என்று நீங்கள் சாய்ந்த சித்திரையில் அக்காவுக்குப் பிரான்சில் விசா கிடைத்திருக்கவில்லை. வெளிக்கிட்டால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். எத்தனை செத்தவீடுகளை நாமிருவரும் வெளிநாட்டுச் சொந்தங்களுக்கு நேரலையில் காட்டியிருப்போம்! உங்களுடையதை அக்காவுக்கு நான் தனியே காட்டினேன். உங்கள் கணினியை முற்றத்துப் பந்தலின் ஓரத்தில் வைத்தேன்.

கிரியைகள் முடியும்வரை ஒரு குறையும் இல்லை. வாய்க்கரிசி போட்டு, பெட்டியை மூடப் போனபோது திரை நீலமாகிக் கணினி அணைந்தது. அது திரும்ப எழும்பி வருவதற்குள் உங்களைப் படலைக்கு வெளியே கொண்டுபோய்விட்டார்கள்.

பின்னேரம் அக்கா தொலைபேசியில் எடுத்தாள்.

"ஏனடி நிப்பாட்டினனீ? நான் குழறி அழுறதைப் பாத்துப் பயந்தோ?"

"நான் நிப்பாட்டேல்லை அக்கா. கொம்பியூட்டர் தானா நிண்டிட்டுது."

"அண்ணையின்ரை கொம்பியூட்டர் ஒருநாளும் நிக்காது."

நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். அதன்பின் அதைத் தொடவே மனம் வரவில்லை. ஆவணியில் உரும்பிராயிலிருந்து ஒரு குடும்பம் அழைத்தது. தாய் இறந்துவிட்டார், பிள்ளைகள் எல்லோரும் வெளிநாட்டில். அவர்களுக்கும் நடுவில் அணைந்தால்? ஈமக்கிரியைக்கு ஒரு நாள்தான் இருந்தது. கணினியை மேசையில் ஏற்றினேன்.

முதலில் மின்சாரத்தைச் சந்தேகித்து யூபிஎஸ்ஸை மாற்றினேன். பிறகு நினைவகத் தகடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன். பிழை பிடிபடவில்லை. மானிப்பாயில் கடை வைத்திருக்கும் உங்கள் கூட்டாளி சுதனிடம் கேட்டேன்.

"உன்ரை அண்ணன் புரொசெசரின்ரை வேகத்தைக் கூட்டி வைச்சவன். நாலு கமராவும் திக்காமல் ஓடவேணும் எண்டுதான்" என்றார்.

அமைப்புப் பக்கத்தைத் திறந்தேன். உண்மைதான். கொம்பனி குறித்த வேகத்தைவிட எவ்வளவோ மேலே ஏற்றி, அதற்கேற்ப மின்னழுத்தத்தையும் கூட்டியிருந்தீர்கள். ஆனால் அறைக்குள், மின்விசிறியின் கீழ், எவ்வளவு பாரமான சோதனைக்கும் அது அசையவில்லை. பிறகுதான் பந்தல் நினைவுக்கு வந்தது. மத்தியான வெயிலில் முற்றத்துக்குக் கொண்டுபோய் அதே சோதனையை ஓட்டினேன். புரொசெசரின் சூடு ஏறிக்கொண்டே போய், திரை நீலமானது.

மார்கழி மழைக் குளிரில் சோதித்துப் பார்த்துவிட்டுச் சரியென்று விட்டீர்களோ? அந்த இடத்திலேயே இருந்து உங்களை ஏசினேன். செத்தவரை ஏசலாமா அண்ணை?

அக்காவுக்கு எடுத்துச் சொன்னேன்.

"இப்ப அண்ணையிலை பழியைப் போடுறியோ?"

தொடர்பைத் துண்டித்துவிட்டாள். அவள் இழந்ததற்கு யாராவது ஒருவர் பொறுப்பாக வேண்டுமென்றால், அது நானாகவே இருந்திருக்கலாமோ?

வேகத்தைக் கொம்பனி அளவுக்கே இறக்கி, இரண்டு கமராவோடு உரும்பிராய்க்குப் போனேன். படம் அவ்வளவு துல்லியமில்லை. ஆனால் கடைசிவரை ஓடியது. "அம்மாவின்ரை முகத்தைப் பெட்டி மூடுமட்டும் பாத்தனாங்கள்" என்று கனடாவிலிருந்து மகள் சொன்னார். நான் எங்கள் வான் வண்டிக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். அக்காவிடம் இதைச் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது?

உங்கள் ஆட்டத்திவசம், முதலாம் வருடத் திதி, வருகிறது. அக்காவுக்கு இன்னும் விசா இல்லை. நேற்று அம்மா வந்து, "திவசத்தைக் காட்டுவியோ எண்டு கேக்கச் சொன்னவள். நேரை உன்னட்டைக் கேக்கமாட்டாளாம்" என்றார்.

"ஓம் எண்டு சொல்லுங்கோ அம்மா."

ஒரேயொரு கமரா, வீட்டு விறாந்தையில், மின்விசிறியின் கீழ். அதுவும் நின்றால் கைபேசியைக் கையில் பிடித்துக் காட்டுவேன். ஐயர் போனபிறகும், சனம் சாப்பிட்டு எழும்பின பிறகும் பிடித்திருப்பேன். போதும் என்று அக்கா தன் வாயால் என்னிடம் சொல்லும்வரை நிறுத்தமாட்டேன் அண்ணை.

ஏசியபிறகும் உங்கள் தங்கச்சியாகவே இருக்கிற,
வதனி