நாகப்பட்டினத்தில் நிற்காத கப்பல்

ஐப்பசி 18, வெள்ளி.

பினாங்கிலிருந்து கப்பலில் வரும் மகள் தனத்தையும் மூன்று வயதுப் பேத்தியையும் கூட்டிவர, வீட்டுக்காரர் முந்தாநாளே நாகப்பட்டினம் போய்விட்டார். நானும் வருகிறேன் என்றதற்கு, "நீ எதுக்கு? பேத்திய மொதல்ல தூக்கப்போறது நான்தான்" என்று சிரித்தார்.

இன்று மத்தியானம் பார்த்தால், கிருஷ்ணகிரி பஸ்ஸில் ஓசூர் வந்து இறங்கி, இருவரும் வாசலில் நிற்கிறார்கள்!

"அலை ஜாஸ்திம்மா, படகுல எறக்க முடியல. கப்பல் நிக்காமலே மெட்ராஸ் போயிடுச்சு. கப்பல்காரங்களே ரயிலேத்தி வுட்டாங்க. அப்பா எங்க?"

"அங்க கடலப் பாத்துக்கிட்டு நிப்பாரு."

பேத்தி "அவ்வா" என்று என் இடுப்பில் ஏறிக்கொண்டாள்.

பாவம், என்ன தவிப்பு தவிக்கிறாரோ. அவர் தங்கியிருக்கும் சத்திரத்துக்கு, வந்துவிட்டார்கள் என்று தந்தி கொடுத்தாயிற்று. முதலில் தூக்கியது யார் என்று அதில் போடவில்லை. அதை அவர் முகத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.