சானடோரியத்தில் வெங்காயம், குரோம்பேட்டையில் புளி

சேலையூர்,
ஞாயிறு பிற்பகல்

அன்புள்ள ஜோசலினுக்கு,

ஆண்டவருடைய கிருபையால் நானும் உன் அப்பாவும் உடல்நலத்தோடு இருக்கிறோம். என் முழங்கால் மட்டும் தன் விருப்பப்படி இருக்கிறது. நீ நலமா என்று நான் கேட்கப்போவதில்லை. நீ நலமாக இருப்பதையும், சற்றுப் பருத்திருப்பதையும், கால்கரி வீட்டின் சமையலறையில் புதிதாகக் கறுப்புக் கல் பதித்திருப்பதையும் எங்கள் சபையார் அனைவரும் அறிவார்கள். கடைசியாக அறிந்தவள் நான். தொலைபேசியில் சொல்லியிருக்கலாமே என்பாய். தொலைபேசியில் நான் மூன்றாவது வாக்கியத்துக்கு வருவதற்குள் உனக்கு வேறு அழைப்பு வந்துவிடுகிறது. கடிதத்தில் அந்த வசதி இல்லை. ஆகவே உட்கார்ந்து முழுவதும் படி.

சென்ற ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் குடையை விரித்துக்கொண்டிருந்தேன். பெண்கள் ஐக்கிய சங்கத்துச் செயலாளர் எப்சி, என்னிடம் இயற்பியல் படித்துத் தட்டுத்தடுமாறித் தேறியவள், ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். டீச்சர், இவ்ளோ சூப்பரா சமைப்பீங்கன்னு ஒரு வார்த்தை சொன்னீங்களா, இத்தினி வருசமா மறைச்சே வச்சிகினு இருந்தீங்களே என்றாள். நீ ஆள் மாறிப் பிடித்திருக்கிறாய் என்றேன். அவள் தன் கைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். அதில் என் முகம் இருந்தது. என் பணி ஓய்வு விழாவில் எடுத்த படம். மாலையை வைத்துக்கொண்டு கண்ணாடியை மட்டும் அழித்துவிட்டிருக்கிறாய். கண்ணாடி இல்லாத என் முகத்தைக் கண்டவர்கள் இதுவரை உன் அப்பாவும் கண் மருத்துவரும் மட்டுமே. இப்போது உலகம் கண்டிருக்கிறது. படத்துக்குக் கீழே வளைந்த எழுத்தில் ‘தபீதாள் அம்மா அடுப்படி’ என்று போட்டிருந்தது. குடை என் கையிலிருந்து நழுவி விழுந்ததை நான் உணரவே இல்லை. எப்சிதான் எடுத்துக் கொடுத்தாள்.

பிறகு உன் குரல் கேட்டது. எங்கம்மா விடியக்காலையில எழுந்து, என்னை இடுப்புல வச்சிக்கிட்டே அம்மியில மசாலா அரைப்பாங்க என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாய். ஜோசலின், நம் வீட்டில் அம்மி என்ற பொருள் இருந்ததே கிடையாது. இருந்திருந்தாலும், இடுப்பில் குழந்தையை வைத்துக்கொண்டு குனிந்து அரைத்தால் குழந்தை அம்மிமேல் விழும்; இது இயற்பியல். நான் தேநீர் போடுவேன், முட்டை வேகவைப்பேன். அதற்கு மேல் அடுப்புக்கும் எனக்கும் உறவில்லை என்பதை அந்த வீட்டிலேயே உண்டு வளர்ந்த நீ அறிய மாட்டாயா? இந்த அதிர்ச்சியிலிருந்து நான் மீள்வதற்குள், ‘அம்மா கண்டுபிடித்த அவசரக் குழம்பு’ என்று அடுத்ததைத் தொடங்கிவிட்டாய். எங்கம்மா நிமிசக் கணக்கே சொல்ல மாட்டாங்க, ஸ்டேஷன் கணக்குதான், தாம்பரத்துல கடுகு போடுன்னு சொல்லுவாங்க என்று சிரித்தாய். நேரத்தின் அலகு நிமிடம், நொடி என்று பணிக்காலம் முழுவதும் கரும்பலகையில் எழுதிய நானா ஸ்டேஷன் கணக்குச் சொன்னேன்? அது யாருடைய பேச்சு என்று உனக்குத் தெரியும். சரக்கு வண்டியிலும் பிறகு பீச் - தாம்பரம் மின்சார வண்டியிலும் கார்டாக இருந்து கொடி காட்டிய உன் அப்பாவின் பேச்சு. விழுப்புரத்தில் ரயில்வே ஊழியர்கள் தங்கும் ரன்னிங் ரூமில், அடுத்த வண்டிக்குக் கூப்பிடுவதற்குள் ஆக்கித் தின்றாக வேண்டும் என்பதற்காக அவர் தாமே உண்டாக்கிக்கொண்ட குழம்பு அது. நான் பள்ளிக்குப் புறப்பட்டுக்கொண்டிருக்க, அவர் அடுப்படியிலிருந்து ஸ்டேஷன் பெயர்களைச் சொல்லச் சொல்ல, நீ தட்டை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து கூடவே கத்துவாய். அந்தக் காட்சியில் நான் எங்கே இருந்தேன்? நிலைக்கண்ணாடி முன் சேலைக்கு ஊக்குக் குத்திக்கொண்டிருந்தேன்.

எப்சி அத்துடன் விடவில்லை. வருகிற சனிக்கிழமை சங்கத்தில் எளிய வீட்டுச் சமையல் செய்து காட்டும் கூட்டமாம், முதலில் என் அவசரக் குழம்பாம். அத்தோட ஒரு டவுட் டீச்சர், நானும் செஞ்சி பாத்தேன், எங்க தெருவுல மூணு வூட்ல செஞ்சாங்க, யாருக்குமே வெங்காயம் வேகல, இன்னா காரணம் என்றாள். என் வாய் அடைத்துப்போயிருந்தது. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் மூச்சு வாங்கச் சொன்னேன். அவர் சன்னலோரம் நாற்காலியில் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒயரைக் கழற்றிவிட்டு, தெரியும்மா, கிறிஸ்துமஸ்லேர்ந்து பாத்துக்கிட்டுதான் இருக்கேன் என்றார். என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். எல்லாரும் உன்னைப் புகழ்ந்து எழுதியிருந்தாங்க, படிக்க நல்லாயிருந்துது, விட்டுட்டேன் என்றார். என்ன மனிதர் இவர்! உடனே உன்னை அழைத்தேன். நீ சொன்ன வார்த்தையை நீயே மறந்திருப்பாய், ஆகையால் திருப்பித் தருகிறேன்: அப்பா சமைச்சாருன்னு சொன்னா யாரும்மா உட்கார்ந்து பாப்பாங்க, அம்மான்னாதான் போகும், நீங்க இதுல எமோஷனல் ஆவாதீங்க. அதற்குள் உனக்கு வேறு அழைப்பு வந்துவிட்டது. உணர்ச்சிவசப்படுகிறேன் என்று என்னை நோக்கிச் சொன்ன முதல் பிறவி நீ.

அவமானத்துக்கு அஞ்சி நான் ஒரு மடமை செய்தேன். சனிக்கிழமைக்குள் என் சொந்தக் குழம்பை நானே உன்னிடம் கற்றுக்கொண்டுவிடலாம் என்று செவ்வாய்க்கிழமை அடுப்படிக்குள் நுழைந்தேன். உன் வீடியோவை ஒருமுறை பார்த்து மனத்தில் வாங்கிக்கொண்டேன்: தாம்பரத்தில் கடுகு, குரோம்பேட்டையில் வெங்காயம் பூண்டு, சானடோரியத்தில் புளித்தண்ணீர், பல்லாவரத்தில் பொட்டுக்கடலை மாவு, திரிசூலத்தில் இறக்கு. கடுகு வெடித்து என் கண்ணாடியில் அடித்தது. அதை நீ அழித்துவிட்ட காரணம் அப்போது விளங்கியது. கடுகு முடிந்ததும் அடுத்த ஸ்டேஷன் சானடோரியம், ஆகவே புளித்தண்ணீரை ஊற்றினேன். சூடான எண்ணெயில் அது சீறிய சீற்றத்தில் நான் குளிர்பெட்டி வரை பின்வாங்கினேன். அதற்கடுத்தது குரோம்பேட்டை, வெங்காயத்தைப் போட்டேன். பல்லாவரம் தாண்டி, திரிசூலம் தாண்டி, செங்கல்பட்டு வரை திரும்பி வந்தாலும் அந்த வெங்காயம் வேகாது. புளியில் விழுந்த வெங்காயம் வேக மறுக்கும் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். உன் அப்பா வாசற்படியில் வந்து நின்று பாத்திரத்தை எட்டிப் பார்த்தார். அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்ததில்லை, அன்று வந்தது. வண்டி அப்படிப் போகாதும்மா, தாம்பரம் விட்டா சானடோரியம், அங்க வெங்காயம், அதுக்கப்புறம்தான் குரோம்பேட்டை, அங்க புளி, பாப்பா மாத்திச் சொல்லிட்டா என்றார். புரிகிறதா ஜோசலின்? நீ இரண்டு ஸ்டேஷன்களை இடம் மாற்றிவிட்டாய். ஸ்டேஷன் எதுவும் அறியாத கனடாக்காரர்கள் நீ சொன்ன வரிசையிலேயே செய்து நன்றாகச் சாப்பிட்டிருக்கிறார்கள். வண்டி போகும் வழி அறிந்த தாம்பரத்துக்காரர்கள் அத்தனை பேரும் சானடோரியத்தில் புளியை ஊற்றி, வேகாத வெங்காயத்தை மென்று, என் பேரைச் சொல்லித் திட்டியிருக்கிறார்கள்.

தம் குழம்பை இன்னொருவர் பெயரில் விற்றதற்குக் கோபப்படாத மனிதர், ஸ்டேஷன் மாறியதற்குக் கோபப்படுகிறாரே என்று நான் திகைத்து நின்றேன். இதைப் பாப்பாவிடம் முன்பே சொல்லியிருக்கலாமே என்றேன். சொன்னேனே, எழுதிப் போட்டேன், பதில்கூடப் போட்டா என்று முகமெல்லாம் மலர்ந்து கைபேசியை என்னிடம் நீட்டினார். நான் இதுவரை சொன்னவை அதிர்ச்சியே அல்ல, இதுதான் அதிர்ச்சி. உன் ஒவ்வொரு வீடியோவுக்கும் கீழே ‘தாம்பரம் லோக்கல்’ என்ற பெயரில் ஒருவர் எழுதுகிறாரே, அது உன் அப்பா ஞானையா. ‘சகோதரிக்கு வணக்கம், தாம்பரத்துக்கு அடுத்தது சானடோரியம், தயவுசெய்து சரிபார்க்கவும்’ என்று எழுதியிருக்கிறார். அதற்குக் கீழே நீ, ஒரு சிவப்பு இதயத்தோடு, ‘நன்றி அண்ணா’ என்று எழுதியிருக்கிறாய். ரவா கேக்குக்கு அவர் எழுதியிருக்கிறார், நன்றி அண்ணா. முட்டைப் பணியாரத்துக்கு எழுதியிருக்கிறார், நன்றி அண்ணா. அங்கே பனி அதிகமோ, கையுறை போட்டுக்கொள்ளவும் என்றுகூட ஓரிடத்தில் எழுதியிருக்கிறார், அதற்கும் நன்றி அண்ணா. மாதத்துக்கு இரண்டுமுறை அழைக்கிறாய். அவர் எடுத்தால், நல்லாயிருக்கீங்களாப்பா, அம்மாகிட்ட குடுங்க என்கிறாய். அவர் கொடுத்துவிடுகிறார். ஆகையால் அவர் உன்னோடு பேசுவதற்கு அந்த வழியைக் கண்டுபிடித்திருக்கிறார். நான் கைபேசியை அவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, புளி வெங்காயத்தைக் குப்பையில் கொட்டினேன்.

நேற்றுச் சங்கத்துக்குப் போனோம். ஆண்களுக்கு அங்கே இடமில்லை, அவர் வெளியே சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். உள்ளே மேசைமேல் அடுப்பு, நறுக்கிய வெங்காயம், எனக்கென்று பூப்போட்ட ஒரு ஏப்ரன். நான் அதைத் தொடவில்லை. நான் இந்தக் குழம்பைச் செய்தவளும் அல்ல, கண்டுபிடித்தவளும் அல்ல, என் மகள் சொன்னது பொய், செய்தவர் வெளியே பெஞ்சில் இருக்கிறார் என்று சொன்னேன். எப்சிதான் முதலில் வாயைத் திறந்தாள்: அப்போ இத்தினி வருசமா நீங்க இன்னாதான் டீச்சர் பண்ணீங்க? சாப்பிட்டேன் என்றேன். கூடமே சிரித்தது, சிரித்துக்கொண்டே இரண்டு பேர் போய் அவரைக் கையைப் பிடித்து அழைத்து வந்தார்கள். அவர் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, எல்லாரும் ஏறியாச்சா, வண்டி கிளம்பலாமா என்று கேட்டார். ஒவ்வொரு ஸ்டேஷனையும் உரிய நேரத்தில் பிடித்தார். சானடோரியம் வந்ததும் வெங்காயத்தைக் காட்டி, இங்க யாரும் அவசரப்பட்டு இறங்கக் கூடாது, இது நல்லா சிவந்தாதான் சிக்னல் என்றார். திரிசூலத்தில் இறக்கியபோது பெண்கள் கை தட்டினார்கள். ஐயா, நீங்களே ஒரு சேனல் ஆரம்பிங்களேன் என்று யாரோ கேட்டார்கள். எதுக்கும்மா, எம் பொண்ணு வச்சிருக்கா, நான் எழுதிப் போடுவேன், அவ மறக்காம பதில் போடுவா என்றார். ‘தாம்பரம் லோக்கல்’ யார் என்பது அப்போதுதான் அவர்களுக்கு விளங்கியது; அந்தப் பதில் என்னவென்று அங்கிருந்த பாதிப் பேருக்குத் தெரியும். ஒருவரும் சிரிக்கவில்லை. எப்சி குனிந்து கரண்டியைத் துடைக்க ஆரம்பித்தாள்.

ஆகவே நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். என் படத்தை எடுத்துவிடு. எடுக்க மனமில்லையென்றால் கண்ணாடியையாவது திருப்பி மாட்டு. அம்மியை விட்டுவிடு. குழம்புக்கு உரியவர் பெயரைச் சொல். ஆண் சமைத்தான் என்பதற்காகப் பார்க்காமல் போகிறவர்கள் தாராளமாகப் போகட்டும். நெய் அதிகம் சேர்க்காதே, உனக்கும் கொழுப்புப் பரிசோதனைக்கு வயதாகிவிட்டது. கையுறை போட்டுக்கொள். உன்னையும் உன் வீட்டாரையும் ஆண்டவர் காப்பாராக. உனக்கு நேரம் மட்டும் அவர் சற்றுக் கூடுதலாகத் தரட்டும்.

இதை நான் எழுதுவது உன் அப்பாவுக்குத் தெரியாது. உன் புதிய பிரெட் அல்வாவை அவர் சன்னலோரத்தில் இரண்டாம் முறையாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒற்றை விரலால் ஏதோ தட்டிக்கொண்டிருக்கிறார், இன்னும் முடியவில்லை. எனக்குப் பதில் எழுத வேண்டாம். அவருக்கு எழுது. அண்ணா என்று எழுதாதே.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவளும், உனக்கு ஒரு வேளையும் சமைத்துப் போடாதவளுமாகிய
தபீதாள் ஞானையா