சந்தனம் பூசிய பின்விளக்கு

திருச்சுழி
31-10-74

அன்பு மகன் சங்கரபாண்டியனுக்கு உன் அப்பா வெள்ளத்துரை எழுதிக்கொள்வது. குலசாமி புண்ணியத்தில் இங்கே யாருக்கும் உடம்புக்குக் குறைவில்லை, நீயும் ஜபல்பூர்க் குளிருக்குப் போர்த்திக்கொண்டு வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டும். உன் தங்கை முருகேஸ்வரிக்கு ஆறாம் மாதம். மழை இன்னும் இறங்கவில்லை, விதைத்த குதிரைவாலி மண்ணுக்குள்ளேயே கிடக்கிறது. இதெல்லாம் சம்பிரதாயத்துக்கு எழுதுகிறேன். ஐந்து நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு தப்புச் செய்து, அதை மறைக்க இன்னொரு தப்பும் செய்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன், உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்.

போன லீவில் நீ நம் டிரெய்லரைச் சுற்றி வந்து சொன்னாயே, தொட்டியைத் தூக்கும் ஹைட்ராலிக் பைப்பில் கசிவு கண்டால் உடனே மாற்றுங்கள், பின்னால் உள்ள சிவப்பு லைட்டுக் கண்ணாடியை வாரம் தவறாமல் துடையுங்கள் என்று. பட்டாளத்து வண்டிக்குச் சொல்வதை நம் வண்டிக்கும் சொல்கிறான் என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டேன். பைப்பின் இணைப்பில் ஆயில் கசிந்தபோது மதுரைக்குப் போகச் சோம்பல்பட்டு, பார்சோப்பைப் பிசைந்து அப்பி நூலால் இறுக்கிச் சுற்றினேன், ஒரு மாதம் ஓடியது, என் கைவேலையை நானே மெச்சிக்கொண்டேன். ஆயுத பூசை அன்று டிராக்டர், டிரெய்லர் இரண்டையும் கழுவி ஒரு இடம் விடாமல் சந்தனம் அப்பினேன், பின் லைட்டுகள் மேலும் கனமாக அப்பிக் குங்குமம் வைத்தேன். மறுநாள் வண்டியை எடுக்கும்போது நம் டிரைவர் தவசி, ‘மொதலாளி, லைட்டுக் கண்ணாடிய மட்டும் தொடச்சிக்கிறட்டுமா’ என்று கேட்டான். ‘சாமிக்கு வச்சதுலே, தானா உதுரட்டும், கைய வைக்காத’ என்று அதட்டிவிட்டேன். அவன் ஏறிப் போனான்.

சனிக்கிழமை பொழுது அடைகிற நேரம் தவசி அருப்புக்கோட்டை ரோட்டில் சரளை இறக்கியிருக்கிறான். தொட்டி பாதி எழும்பும்போது நான் சுற்றிய கட்டு பிய்த்துக்கொண்டது, தொட்டி தடாலென்று இறங்கிவிட்டது, ஆயில் முழுக்க ரோட்டில். கியருக்கும் அதே ஆயில்தான் என்பதால் ஓட்டப் பயந்து ஓரம் கட்டி, லைட்டைப் போட்டுவிட்டு, முன்னால் குனிந்து பைப்பைக் கழற்றிக்கொண்டிருந்திருக்கிறான். மாட்டாஸ்பத்திரிக் கம்பவுண்டர் பொன்ராஜ் மோட்டார் சைக்கிளில் வந்தவர் பின்னால் மோதிவிட்டார். மதுரையில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார், இன்றைக்கு வரை கண் விழிக்கவில்லை. அவருக்கு இரண்டு பெண் பிள்ளைகள்.

நான் போய்ச் சேர்ந்தபோது தவசியைப் போலீஸ் கூட்டிப் போயிருந்தது. கூட்டமெல்லாம் பொன்ராஜோடு போய்விட்டது. பின்னால் போய்ப் பார்த்தேன். உள்ளே பல்பு எரிந்துகொண்டுதான் இருந்தது, வெளியே பொட்டு வெளிச்சம் இல்லை. பாட்டரி இறங்கிவிடும் என்று சுவிட்சை அணைத்தேன். பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து பார்க்கும் வரை வண்டிக்குக் காவலாக என்னையே இருக்கச் சொன்னார்கள். விடிந்ததும் உன் அம்மா கொண்டுவந்த குடிதண்ணீரை ஊற்றி, துண்டால் அந்தச் சந்தனத்தைத் துடைத்து எடுத்துவிட்டேன். அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். அன்றிலிருந்து தட்டை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுகிறாள். இன்ஸ்பெக்டர் வந்து சுவிட்சைப் போட்டார், இரண்டு லைட்டும் பளிச்சென்று எரிந்தன. லைட்டில் கோளாறு இல்லை, டிரைவர் போடவில்லை என்று எழுதிவிட்டுப் போனார். என் மேல் பழி வரக்கூடாது என்று துடைத்தேனடா, அது தவசி கழுத்துக்குப் போகும் என்று எனக்கு உறைக்கவில்லை. லைட்டுப் போட்டேன் என்று அவன் அடித்துச் சொன்னது பொய்யாகிவிட்டது. இப்போது சப்-ஜெயிலில் இருக்கிறான்.

நேற்று போய்ப் பார்த்தேன். சந்தனத்தைப் பற்றி அவன் இதுவரை யாரிடமும் மூச்சு விடவில்லை. ‘நீங்க கவலப்படாதீக மொதலாளி, வீட்ட மட்டும் கொஞ்சம் பாத்துக்கங்க’ என்கிறான். வீட்டுக்கு வந்தால் அவன் பெண்சாதி குருவம்மாள் வாசலில் நிற்கிறாள். ‘லைட்டுப் போட்டேன்னு சத்தியம் பண்ணுறாரு, நீங்க ஒரு வார்த்த சொன்னா நம்புவாக’ என்று காலைப் பிடிக்க வந்தாள். நான் அந்த இடத்தில் இல்லையே தாயி என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அப்படிச் சொன்ன வாய் எனக்கு எதற்கு.

என்ன செய்யலாம் என்று உன்னிடம் யோசனை கேட்கத்தான் உட்கார்ந்தேன். இவ்வளவும் எழுதிய பிறகு கேட்க ஒன்றும் இல்லை. பயமாகத்தான் இருக்கிறது, பொன்ராஜுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன வருமோ, முருகேஸ்வரியை அவள் மாமியார் வீட்டில் என்ன பேசுவார்களோ என்று. காலையில் இந்தக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிறேன். சொல்லத் தைரியம் இல்லாமல் திரும்பினால் கிழித்துப் போட்டுவிடுவேன். இது உன் கைக்கு வந்திருந்தால், உன் அப்பன் உள்ளதைச் சொல்லிவிட்டான் என்று தெரிந்துகொள்.

லீவு கேட்டு ஓடி வராதே. எனக்குப் பதில் எழுதவும் வேண்டாம். மறக்காமல் குருவம்மாளுக்கு ஒரு கடிதம் போடு, அவள் புருஷன் பொய் சொல்லவில்லை என்று உன் கையால் எழுது. அவளுக்கு வாசிக்கத் தெரியாது, உன் அம்மா வாசித்துக் காட்டட்டும். நீ தீர்க்காயுசாக, நல்ல பேரோடு இருக்க வேண்டும்.

இப்படிக்கு
உன் அப்பா
வெள்ளத்துரை