ஆல்டர் கிரீக்கில் பொங்கிய பால்

6 செப்டம்பர் 2024, வெள்ளி

டுபாயின் அல் குசைஸ் சாம்ராஜ்யத்தில் இன்று வெயில் நாற்பத்து மூன்று. கோதுமை ரொட்டியை மொட்டைமாடியில் வைத்தால் வெந்துவிடும். நான் வைத்துப் பார்க்கவில்லை, ஆனால் வெந்துவிடும். உதிரிப்பாகக் களஞ்சியத்தின் ஏகச் சக்கரவர்த்தியாகிய உமாபதி, இருபத்தாறாவது வருடமாக நட்டும் போல்ட்டும் எண்ணிவிட்டு அறைக்கு வந்து இதை எழுதுகிறேன்.

அக்காவின் மகள் கஜானிக்கு வீட்டுச் சாவி கிடைத்துவிட்டது! பாங்கொக்கில் ஒன்பது வருடம் அகதி அட்டையோடு ஒளிந்தும் ஒதுங்கியும் இருந்த பிள்ளை. இப்போது அமெரிக்காவில் ஆல்டர் கிரீக் என்றொரு ஊர். அந்த ஊர்க்காரர் ஐந்து பேர் சேர்ந்து பொறுப்பேற்று அழைத்தார்கள். மேப்பில் தேடினேன். எறும்பின் இமை அளவு.

8 செப்டம்பர், ஞாயிறு



நல்ல நேரம் பார்த்துக் கொடுத்தவன் நான். அங்கே காலை ஒன்பது, இங்கே மாலை ஐந்து. வீடியோவில் அடியேனின் தலைமையில் பால் காய்ச்சல். கஜானி, புருஷன் பிரவீணன், ஏழு வயதுச் சம்யுக்தா, எல்லாரும் பட்டும் வேட்டியுமாக. பால் நுரைத்து ஏறியது. கஜானி அடுப்பைக் குறைக்கக் கை நீட்டினாள்.

"மாமா, காணுமோ?"

"காணாது! நாலு பக்கத்தாலும் வழியட்டும், விடு!" என்று முழங்கினேன். தூரத்திலிருந்து முழங்குவது எவ்வளவு சுகம்.

வழிந்தது. கரண்ட் அடுப்பின் சிவந்த கம்பியில் விழுந்து கருகியது. புகை எழுந்து, கூரையிலிருந்த எச்சரிக்கைப் பெட்டி வீரிட்டது. சம்யுக்தா காதைப் பொத்திக்கொண்டு அழுதாள். பக்கத்து வீட்டு வோல்ட்டர் என்ற கிழவர் போன் பண்ணியிருக்கிறார். முப்பது தீயணைப்பு வண்டிகள் வந்தன. சரி, இரண்டு.

"அடுப்பில வைச்சிட்டு மறந்துபோனன்" என்று வந்தவர்களிடம் கஜானி சொன்னாளாம். வேண்டுமென்றே வழியவிட்டோம் என்று சொல்ல வெட்கம்.

11 செப்டம்பர், புதன்

அந்த ஊரின் பேஸ்புக்கில் வண்டிகளின் படம். 'வந்து மூன்றாம் நாளே தீ. அடுத்தது எந்த வீடு?' என்று கீழே எழுதியிருக்கிறதாம். நூற்றுச் சொச்சம் பேர் ஆமோதித்திருக்கிறார்கள்.

வீட்டுக்காரி டோரத்தி அம்மாவுக்கு ஓயாமல் போன். மாத முடிவில் முடிவு சொல்கிறேன் என்றிருக்கிறார். அவர் வீட்டைத் திருப்பிக் கேட்டால் ஐவர் குழுவிடம் வேறு வீடு இல்லை. இன்னொரு மாநிலத்துக்கு ஏற்றி அனுப்புவார்கள். சம்யுக்தா இந்தத் திங்கள்தான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கினாள். அவளுடைய நாலாவது பள்ளிக்கூடம்.

12 செப்டம்பர்

கனவு: பச்சைப் பாதை மெட்ரோவில் போகிறேன். "அடுத்த நிலையம், ஆல்டர் கிரீக்" என்று அறிவிப்பு. கதவு திறக்கிறது. வெளியே முழங்கால் அளவு பால், வெதுவெதுப்பாக. எல்லோரும் கால்சட்டையை மடித்துக்கொண்டு இறங்குகிறார்கள். நான் மட்டும் இறங்கவில்லை. கதவு மூடிவிட்டது.

20 செப்டம்பர், வெள்ளி

நேற்று அங்கே ஊர்க்கூட்டம். பதிவை இன்று மதியச் சாப்பாட்டோடு பார்த்தேன். ஒவ்வொருவருக்கும் மூன்று நிமிடம். மணி அடித்தால் உட்கார வேண்டும். நம்மவர் கூட்டங்களுக்கு அந்த மணியைக் கப்பலில் இறக்குமதி செய்ய வேண்டும்.

கொம்பு முளைத்த அரக்கர்களை எதிர்பார்த்தேன். களைத்துப்போன மனிதர்கள் எழுந்து பேசினார்கள். "எங்களை யாரும் கேட்கவில்லை" என்றாள் ஒரு பெண். ஆலை மூடியபோது தன் மகன் ஊரைவிட்டுப் போனான், அவனுக்கு ஐந்து பேர் கூடி வீடு பிடித்துக் கொடுத்தார்களா என்று ஒருவர் கேட்டார். ஒருத்தன் வந்தவர்களைப் பாம்பு, நோய் என்று பேசினான். அவனுக்கும் கை தட்டினார்கள். அது நெஞ்சில் நிற்கிறது. கடைசியாகத் தொப்பி போட்ட வோல்ட்டர். "எனக்கு அவர்கள்மேல் கோபமில்லை. வேறு எங்காவது இருக்கட்டும். அவர்களுடைய பழக்கம் வேறு, நம்முடையது வேறு."

கமராவில், கடைசி வரிசையில் கஜானியின் பின்தலை. அசையவே இல்லை.

"எப்படிக் கதைக்கிறான் பார், மனுசனோ இவன்!" என்று கத்திவிட்டேன். மீன் துண்டைப் புரட்டிக்கொண்டிருந்த அறைத்தோழன் மாயாண்டி திரும்பாமலே சொன்னான்:

"அண்ணே, கீழ லிஃப்ட்டுகிட்ட நீங்க ஒட்டிருக்க நோட்டீஸையும் ஒருக்கா வாசிச்சிட்டு வந்துருங்க."

'கட்டில் ஒன்று காலி. யாழ்ப்பாணத்தவர் மட்டும்.' அதுதான் நோட்டீஸ். மாயாண்டி இராமநாதபுரத்துக்காரன்; அவன் வைக்கும் மீன்குழம்புக்காக அரசாணையில் விதிவிலக்கு.

"அது ஒழுங்குக்காகடா!"

"காயல்பட்டணத்துலேருந்து சுஐபுன்னு ஒருத்தரு வந்தாரு, அவரு என்ன ஒழுங்கில்லாத ஆளா? 'உங்கட பழக்கம் வேற, எங்கட பழக்கம் வேற'ன்னு நீங்கதானண்ணே சொல்லி அனுப்புனீங்க?"

மாயாண்டியோடு இனி இந்த ஜென்மத்தில் பேச்சு இல்லை.

21 செப்டம்பர்

குழம்பில் உப்பு கூட என்று சொல்வதற்காக மட்டும் பேசினேன்.

22 செப்டம்பர், ஞாயிறு

நோட்டீஸைக் கிழித்துவிட்டு சுஐபுவுக்குப் போன் எடுத்தேன். "பரவால்ல காக்கா, எடம் கெடச்சிருச்சி" என்றார். காக்கா என்றால் அவர்கள் ஊரில் அண்ணன். குரலில் கோபமே இல்லை. கொஞ்சம் கோபப்பட்டிருக்கலாம்.

பிறகு கஜானிக்கு எடுத்தேன். உண்மையைச் சொல்லு, பழியை என் தலையில் போடு, ஐக்கிய நாடுகள் சபையில் வேண்டுமானாலும் வந்து ஒப்புக்கொள்கிறேன் என்றேன்.

"வேணுமெண்டு வழியவிட்டனாங்கள் எண்டு சொன்னா எங்களை விசரர், பைத்தியக்காரர் எண்டெல்லோ நினைப்பினம்?" என்றான் பிரவீணன்.

கஜானி போனை வாங்கினாள். "மாமா, உங்களுக்கு எல்லாம் பகிடி. எனக்கு இது வீடு."

வைத்துவிட்டாள்.

இருபத்தாறு வருடமாக விசாவைப் புதுப்பித்துப் புதுப்பித்து ஒரு கட்டிலில் படுத்திருப்பவனுக்கு வீடு என்றால் என்னவென்று எப்படித் தெரியும்—

24 செப்டம்பர்

அழைப்பு இல்லை. களஞ்சியத்தில் ஒரே பெட்டியை மூன்று தரம் எண்ணினேன். மூன்று விடை.

28 செப்டம்பர், சனி

மாலை ஐந்தரைக்கு வீடியோ அழைப்பு. பிள்ளை எடுக்கிறாளே என்று பாய்ந்து எடுத்தால், திரையில் கஜானியும் அவளுக்குப் பக்கத்தில் தடித்த மீசையோடு ஒரு வெள்ளைக்காரரும். பின்னால் சிவப்பு வண்டி. ஊர்த் தீயணைப்புத் தலைவர். அங்கே எல்லாரும் தொண்டர்கள். கிழமை நாட்களில் அவர் குழாய் திருத்துகிறவர்.

"மாமா, நான் இவருக்கு உண்மையைச் சொல்லிப்போட்டன். நீங்களும் சொல்லுங்கோ."

இடுப்பில் சாரம், மேலே பனியன். மாயாண்டி ஓடி வந்து என் ஒரே கோட்டைத் தோளில் போட்டான். திரையில் மேல்பாதி தூதர், கீழ்ப்பாதி யாருக்குத் தெரியும்! எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தையெல்லாம் கொட்டினேன். புது வீட்டில் பால் பொங்கினால் வாழ்வு பொங்கும், எங்கள் ஆட்கள் ஐயாயிரம் வருடமாகப் பொங்கவிடுகிறோம், கட்டளை இட்டவன் நான், கைது செய்வதென்றால் டுபாய்க்கு வாருங்கள்.

அவர் சிரிக்கவில்லை. கஜானியிடம் கேட்டார்: "வழிந்தபோது நீ எங்கே நின்றாய்?"

"பக்கத்திலேயே. நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம்."

அடுப்பில் வைத்துவிட்டு மறந்துபோகிறவர்களைக் கண்டால்தான் எனக்குப் பயம், அவர்கள் வீட்டுக்கு மறுபடி மறுபடி போக வேண்டிவரும் என்றார். மூன்று பேர் கண் கொட்டாமல் காவல் நின்ற சட்டியைப் பற்றி எழுத அவருக்கு ஒரு வரி போதுமாம். டோரத்தி அம்மாவுக்கு அந்த ஒரு வரியை எழுதிக் கொடுப்பதாகச் சொன்னார். போகும்போது, இனி வெளியே வைத்துப் பொங்குங்கள் என்றார். என்னைப் பார்த்து ஒரு சொல்லும் இல்லை. ஐயாயிரம் வருடமும் வீண்.

நாங்கள் மறைத்தது எதுவோ, அதுதான் எங்களைக் காப்பாற்றக்கூடியதாக இருந்திருக்கிறது. இதை எழுதிவிட்டு வெகுநேரம் ஏசியின் இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருந்தேன். கடல் மாதிரி இருந்தது.

1 அக்டோபர், செவ்வாய்

டோரத்தி அம்மா ஒரு வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டார்! அறை முழுக்க நான் வாங்கிய லட்டு. மாயாண்டிக்கு இரண்டு.

ஆனால் வோல்ட்டர் தன் வேலியோரம் பலகை நட்டிருக்கிறாராம்: 'எங்கள் ஊரை எங்களுக்கே விடுங்கள்'. அந்த வீதியில் இப்போது நாலு வீட்டில் அதே பலகை. சம்யுக்தா எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, "எங்கட ஊர் எண்டா யாற்ற ஊர்?" என்று கேட்டிருக்கிறாள். கஜானி சொக்ஸ் போட்டுவிட்டு பஸ்ஸுக்கு அனுப்பினாளாம்.

19 அக்டோபர்

விடியலில் முதல் மூடுபனி. எதிர்க் கட்டிடம் கரைந்துவிட்டது. மூன்றாம் மாடியில் காயும் யாரோ ஒருவரின் சட்டை மட்டும் வானத்தில் தொங்கியது. இந்த ஊரில் நாங்கள் எல்லோரும் அப்படித்தான் தொங்குகிறோம் போல. அழகாக இருந்தது, பொய் சொல்லக்கூடாது.

3 நவம்பர், ஞாயிறு

ஆல்டர் கிரீக் தீயணைப்புக்கு ஆள் போதாதாம், இளைஞர்கள் ஊரைவிட்டுப் போய்விட்டார்கள். பிரவீணன் செவ்வாய்தோறும் பயிற்சிக்குப் போகிறான். பெரிய சப்பாத்து, பெரிய தொப்பி. போட்டோ அனுப்பினான். மூழ்கிக்கொண்டிருக்கும் ஆள் போல இருக்கிறான்.

8 டிசம்பர், ஞாயிறு

வழக்கமான நேரத்துக்கு எடுத்தேன். சம்யுக்தாதான் எடுத்தாள். அப்பா எங்கே?

"அப்பா நித்திரை, தாத்தா. காலமை தீ அணைக்கப் போனவர். வோல்ட்டர் வீட்டுச் சிம்னியில தீ."

"அவர் என்ன சொன்னவராம்?"

உள்ளே போய்க் கேட்டுக்கொண்டு வந்தாள். "கார்பெட் கவனம் எண்டவராம்."

"வேற?"

"வேற ஒண்டும் இல்லையாம்."

"பலகை?"

ஜன்னலடிக்கு ஓடும் காலடி கேட்டது. திரையில் கூரை, திரைச்சீலை, பிறகு கண் கூசும் வெள்ளை. அவளுடைய மூச்சு கண்ணாடியில் படிந்தது. கையால் துடைத்தாள்.

"நிக்குது, தாத்தா. பனி மூடிப்போட்டுது. 'எங்கள்' மட்டும் தெரியுது."