பொன் சிவந்த குடுவையைக் கழுவியவள்

சார்,

இன்று காலை பேகம்பூர் பக்கம் போயிருந்தேன். தோல் பதனிடும் தோல்ஷாப்புக்கு வந்த ஆவாரம்பட்டை வண்டியோடு மழையில் நனைந்து நின்றது. நனைந்த பட்டையின் துவர்ப்பு வாசம் தெரு முழுக்க அடித்தது. அந்த வாசம் பட்டால் எனக்கு உங்கள் முகம் ஞாபகம் வரும். இன்றும் வந்தது. அந்த நேரம் பார்த்து, எதிரே குடையோடு வந்த ஒருவர் என்னை நிறுத்தினார். உங்கள் கல்லூரியில் இப்போது வேலை பார்க்கும் இளம் ஆசிரியர்.

"டீச்சர், சார் போன வாரம் தவறிட்டாரு. கேள்விப்பட்டீங்களா? நினைவு மலர் போடுறோம். நீங்களும் சார்கிட்ட வேலை பாத்தவங்கதானே, நல்லதா ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்களேன்."

சரி என்றேன். நல்லதாக என்றால் எப்படி என்று நான் கேட்கவில்லை. இதை அவர்கள் மலரில் போடமாட்டார்கள் என்று தெரியும். இருந்தாலும் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஐம்பதுகளின் கடைசியில் உங்கள் வேதியியல் கூடத்தில் டெமான்ஸ்ட்ரேட்டராகச் சேர்ந்தேன். தோல்ஷாப்பில் வேலை பார்க்கும் ராவுத்தரின் மகள் பி.எஸ்ஸி. படித்ததே ஊருக்கு அதிசயம். கல்லூரியில் வேலைக்கும் போகிறாள் என்றதும் அத்தா பள்ளிவாசலில் நிமிர்ந்து நடந்தார். நீங்களும் முதலில் மரியாதையாகத்தான் இருந்தீர்கள். ஒருநாள் வெளிநாட்டுச் சஞ்சிகை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, "தங்கத்தை ரொம்பப் பொடியா ஆக்கினா மஞ்சளா இருக்காதாம்மா, சிவப்பா ஆயிடுமாம்" என்றீர்கள். அன்று உங்கள் கண்ணில் இருந்த ஆசை பொய்யில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

தங்கம் வாங்க முதல்வர் ஒத்துக்கொள்ளவில்லை. நான் வீட்டில் சொன்னேன். எங்கள் பெண்கள் காதுமடல் நெடுக வரிசையாகப் போடும் அலுக்கத்து அம்மாவிடம் இருந்தது. அதில் ஒன்று கொக்கி ஒடிந்து பெட்டிக்குள் கிடந்தது.

"ஒடிஞ்சதுதானே, எடுத்துட்டுப் போ" என்றார் அம்மா. பெட்டியை மூடப் போனவர் நிறுத்தி, "திருப்பிக் குடுத்துருவாகல்ல?" என்று கேட்டார்.

"மிச்சத்தக் கொண்டாந்துருவேம்மா. கொஞ்சந்தான் செலவாகும்."

நகைத் தங்கத்தில் செம்பும் வெள்ளியும் கலந்திருக்கும். இராஜத் திராவகத்தில் கரைத்து, அடியில் தங்கிய வெள்ளியை வடிகட்டி, அன்னபேதிக் கரைசலை ஊற்றினேன். செம்பு தண்ணீரோடு நின்றுகொள்ள, தங்கம் மட்டும் பழுப்புத் தூளாக அடியில் விழுந்தது. அதைக் கழுவி, மறுபடி கரைத்து, மஞ்சள் கரைசலாக ஒரு புட்டியில் வைத்தேன். அதைச் சிவப்பாக்குவதுதான் பாடாக இருந்தது. உங்கள் சஞ்சிகை சொன்னபடி ஃபார்மலின் விட்டுப் பார்த்தோம். ஒவ்வொரு தடவையும் நீலச் சேறு. உங்களுக்கு அலுத்துவிட்டது. தேர்வுத் தாள்களைத் திருத்தப் போய்விட்டீர்கள்.

நான் விடவில்லை. தோலைப் பதமாக்கும் ஆவாரம்பட்டைத் துவர்ப்பு தங்கத்தையும் பதமாக்காதா என்று தோன்றியது. பட்டையைக் காய்ச்சி, தெளிய வைத்து, சுத்தம் செய்தேன். கண்ணுக்குத் தெரியாத அழுக்கு ஒட்டியிருந்தாலும் தங்கம் திரண்டு சேறாகிவிடும் என்று, குடுவைகளையும் நானே என் முறையில் கழுவினேன். பகல் சாப்பாட்டு நேரத்தில், கூடத்தில் யாரும் இல்லாதபோது, கொதிக்கும் தங்கக் கரைசலில் துவர்ப்பை விட்டேன். தண்ணீர் முதலில் ஒன்றும் செய்யவில்லை. செத்த நேரத்தில் சாம்பல் பூத்தது. பிறகு ஊதா. பிறகு, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மாதுளை முத்தின் சிவப்பு. வண்டல் இல்லை, கலங்கல் இல்லை. குடுவைக்குப் பின்னால் இருந்த சுவர்க் கடிகாரத்தின் முள் அதன் வழியாகத் தெரிந்தது. நான் போட்ட சத்தத்தில் எச்சில் கையோடு ஓடிவந்தீர்கள்.

அது ஏன் சிவக்கிறது என்பதையும் அதன் பிறகு வந்த மாதங்களில் நான்தான் சொன்னேன். உலோகத்துக்குள் எலெக்ட்ரான்கள் கட்டில்லாமல் திரிகின்றன. துகள் ஒரு முடியின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாதபோது, அதன்மேல் படும் ஒளியலை அத்தனை எலெக்ட்ரான்களையும் சேர்த்து ஒரு பக்கம் தள்ளும், மறுபக்கம் இழுக்கும். எல்லாம் ஒன்றுபோல ஆடும். அந்த ஆட்டத்துக்கு ஒரு சொந்த வேகம் உண்டு. பச்சை ஒளி அந்த வேகத்தோடு பொருந்துகிறது, அதனால் பச்சை விழுங்கப்படுகிறது. மிச்சம் நம் கண்ணுக்குச் சிவப்பாக வந்து சேர்கிறது. ஒரு சிட்டிகை உப்புப் போட்டால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டும். ஆட்டத்தின் வேகம் குறையும். இப்போது சிவப்பு விழுங்கப்பட்டு நீலம் மிஞ்சும். துவர்ப்பைக் கூட்டியும் குறைத்தும், துகளைப் பெரிதாக்கியும் சிறிதாக்கியும், நிறங்களை வரிசையாக அடுக்கி வைத்தேன்.

திண்டுக்கல் ஸ்டேஷனில் கைகாட்டியின் சிவப்புக் கண்ணாடியைப் பார்த்துவிட்டு வந்து, "சார், அதுக்குள்ள இருக்கிறது உலோகம் இல்ல, குறைகடத்தித் தூள். அங்க எலெக்ட்ரான் கட்டுண்டு கிடக்கும். அதை விடுவிக்கிற அளவுக்கு வலுவுள்ள ஒளியை எல்லாம் அது தின்னுரும், வலு குறைஞ்ச சிவப்பு மட்டும் தப்பிச்சு வரும். அடுத்து அதைப் பாப்போம்" என்று சொன்னவளும் நான்தான். நீங்கள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டீர்கள்.

அப்புறம் கட்டுரை அச்சாகி வந்தது. தங்கம், ஆவாரம்பட்டை, உப்பு, கைகாட்டிக் கண்ணாடி என்று ஒன்று பாக்கியில்லை. மேலே உங்கள் பெயர் மட்டும் இருந்தது. நான் கையில் எடுத்துக்கொண்டு உங்கள் அறைக்கு வந்தேன்.

"என் பேரைக் காணோமே சார்?"

நீங்கள் சிரித்தீர்கள். "பாத்திரம் கழுவினதுக்கெல்லாம் பேர் போட முடியுமாம்மா?"

கட்டுரையை உங்கள் மேசையில் வைத்தேன். "அப்ப எங்கம்மா தங்கத்தக் குடுங்க சார், போறேன்" என்றேன். மஞ்சள் புட்டியில் முக்கால்வாசி அப்படியே இருந்தது.

நீங்கள் எழுந்து போய் அதை அலமாரியில் வைத்துப் பூட்டினீர்கள். மறுநாள் முதல்வர் என்னைக் கூப்பிட்டார். நீங்கள் கைக்காசில் வாங்கிக் கல்லூரிக்குக் கொடுத்த தங்கத்தின் கரைசலை நான் வீட்டுக்கு எடுத்துப் போகப் பார்த்ததாக அவரிடம் சொல்லியிருந்தீர்கள். நான் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. அன்று மாலையே என்னை வேலையிலிருந்து நிறுத்தினார்கள்.

இந்த ஊர் பெரிய ஊரில்லை, சார். 'தங்கம் திருடுன புள்ள' என்ற பேச்சு எனக்கு முன்னால் தெருவுக்கு வந்து சேர்ந்தது. நத்தம் பக்கத்தில் பேசி வைத்திருந்த சம்பந்தம் நின்றுபோனது. அத்தா பள்ளிவாசலுக்கு எல்லாரும் போன பிறகு போய், எல்லாரும் வருவதற்கு முன் வர ஆரம்பித்தார். அம்மா தலை சீவும்போது காதில் விடுபட்ட அந்த ஒரு துளையை விரலால் தொட்டுப் பார்ப்பார், அவ்வளவுதான். அதைப் பார்க்கப் பார்க்க எனக்குள் என்ன வளர்ந்தது என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால் அந்தப் புட்டியை அன்றே எங்கள் வீட்டு வாசலில் கொண்டுவந்து வைத்திருப்பீர்கள்.

பிறகு உங்களுக்கு ஒரு சங்கடம் வந்தது. பல்கலைக்கழகத்தில் உங்களுக்குப் பெரிய பதவி பேசிக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து ஒரு பெரியவர் உங்கள் சிவப்புத் தங்கத்தை நேரில் பார்க்க வருவதாக இருந்தது. நீங்கள் செய்து பார்த்திருக்கிறீர்கள். நீலச் சேறு. மறுபடி செய்திருக்கிறீர்கள். மறுபடியும் நீலச் சேறு. கூடத்து அட்டெண்டர், நெய்க்காரப்பட்டிக்காரர், தலையைச் சொறிந்துகொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"ஏனுங்க டீச்சரம்மா, சார் உங்களைக் கூட்டியாறச் சொன்னாருங்க. அன்னிக்கு ஒருநா வந்து செஞ்சு குடுத்தா, பழைய வேலையவே வாங்கித் தாராராமுங்க."

"போகாத புள்ள" என்றார் அத்தா. "மானங்கெட்டு அங்க எதுக்குப் போகணும்?"

"போறேன் அத்தா. மானத்த வாங்கத்தான் போறேன்."

அம்மாவையும் அழைத்துக்கொண்டு போனேன். கழுவிய குடுவைகளை வீட்டிலிருந்தே வெள்ளைத் துணியில் கட்டி எடுத்துப் போனேன். அம்மாவை வராந்தா பெஞ்சில் உட்கார வைத்தேன். கூடத்தில் முதல்வர், அந்தப் பெரியவர், உங்கள் சக ஆசிரியர்கள். நீங்கள் அலமாரியைத் திறந்து மஞ்சள் புட்டியை எடுத்து என்முன் வைத்தீர்கள். நான் செய்தேன். தண்ணீர் சிவந்தது. பெரியவர் குடுவையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "அபாரம். யார் இந்தப் பெண்?" என்று கேட்டார்.

"நம்ம கூடத்துல பாத்திரம் கழுவின பொண்ணு. நான் சொல்லச் சொல்லச் செய்யும்" என்றீர்கள்.

அதை மட்டும் நீங்கள் சொல்லாமல் இருந்திருந்தால், ஒருவேளை நான் பேசாமல் திரும்பியிருப்பேன்.

"அப்ப நீங்களே ஒரு தடவை செஞ்சு காட்டுங்க சார்" என்றேன். பெரியவருக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது. நீங்கள் மறுக்க முடியாமல் உங்கள் கூடத்துக் குடுவையை எடுத்தீர்கள். எல்லாரும் சுற்றி நின்று பார்க்க, நீலச் சேறு வந்தது. அடுத்த குடுவையிலும் அதே சேறு.

நான் மஞ்சள் புட்டியை இழுத்து, அதற்குள் அன்னபேதிக் கரைசலை முழுக்க ஊற்றினேன்.

"ஏய், என்ன பண்றே!" என்று கத்தினீர்கள்.

"எங்கம்மா தங்கத்த எடுத்துக்கிறேன் சார்."

வராந்தாவிலிருந்து அம்மாவைக் கூப்பிட்டேன். அம்மா முக்காட்டை ஒதுக்கிக் காதைக் காட்டினார். வரிசையில் ஒன்று இல்லாத இடம் எல்லாருக்கும் தெரிந்தது. "ஒடிஞ்சத எம் மககிட்ட நாந்தான் குடுத்தேன்" என்று முதல்வரைப் பார்த்துச் சொன்னார். "திருடுனான்னு சொன்னது யாரு? அவுகளப் பாக்கணும்."

முதல்வர் குனிந்துகொண்டார். பழுப்புத் தூள் மெல்ல மெல்ல அடியில் இறங்கியது. நான் அவசரப்படவில்லை. வடிதாளில் ஊற்றி, ஒட்டியிருந்ததைக் கழுவி, மறுபடி கழுவி, உலரவிட்டு, மடித்து எடுத்துக்கொண்டேன். அத்தனை நேரமும் நீங்கள் நின்றுகொண்டே இருந்தீர்கள். உட்காரச் சொல்லி ஒருவரும் சொல்லவில்லை. என் வாழ்க்கையில் அதைவிட ருசியான நேரம் ஒன்று இருந்ததில்லை, சார். இதை நினைவு மலரில் போடச் சொல்லுங்கள்.

பதவி வேறு யாருக்கோ போயிற்று. நீங்கள் அதே நாற்காலியில் அப்படியே இருந்து ஓய்வு பெற்றீர்கள். பத்தர் அந்தத் தூளை உருக்கி அலுக்கத்தாக அடித்துக் கொடுத்தார். அம்மா அதைப் போட்டுக்கொண்டு, ஒரு வேலையும் இல்லாமல், கல்லூரித் தெரு வழியாக ஒருநாள் நடந்துவிட்டு வந்தார். அத்தா தொழுகைக்கு எல்லாரோடும் போகத் தொடங்கினார். போன சம்பந்தம் போனதுதான். அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் கட்டுரையின் மேல் இன்றும் உங்கள் பெயர்தான் இருக்கிறது. நூலகங்களில் அது அப்படியேதான் இருக்கும். அதை எந்த அன்னபேதியும் பிரித்துத் தராது.

போன மாதம் நீங்கள் ஆஸ்பத்திரியில் கிடப்பதாகவும், என்னைப் பார்க்க வேண்டும் என்று சொல்வதாகவும் உங்கள் மகன் வந்து அழைத்தான். மன்னிப்புக் கேட்பீர்கள் என்று நினைத்தேன். மாட்டேன் என்று உங்கள் முகத்துக்கு நேரே சொல்லத்தான் வந்தேன். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்த வார்த்தையை வாய்க்குள் வைத்துக்கொண்டே வந்தேன்.

நீங்கள் பாதி உடம்பாக இருந்தீர்கள். மகனை வெளியே போகச் சொன்னீர்கள். என்னை அருகில் அழைத்தீர்கள்.

"ஒண்ணு கேக்கணும்மா… அந்தக் குடுவைய எல்லாம்… எப்பிடிக் கழுவினே?"

இத்தனை வருஷத்துக்குப் பிறகு உங்களுக்கு என்னிடம் கேட்க இருந்தது அது ஒன்றுதான். நான் வைத்திருந்த வார்த்தைக்கு வேலையில்லாமல் போயிற்று. உங்களுக்கு அது தெரியாமல் போனது ஏன் என்று அப்போதுதான் எனக்கும் விளங்கியது. நான் கழுவிக்கொண்டிருந்த அத்தனை மாதத்தில் நீங்கள் ஒருநாள்கூட அந்தத் தொட்டிப் பக்கம் வந்து நின்றதில்லை.

"நல்லாக் கழுவினேன் சார்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இப்போது ரெட்டியார்சத்திரம் பக்கத்தில் பெண்பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறேன். பத்தரிடம் கொடுக்கும் முன் ஒரு சிட்டிகைத் தங்கம் எடுத்து வைத்திருந்தேன். வருஷத்துக்கு ஒரு முறை, என் பிள்ளைகள் தங்கள் கையாலேயே தண்ணீரைச் சிவக்க வைக்கிறார்கள். பூந்தோட்டத்துக்கும் தக்காளிக் காட்டுக்கும் கூலிக்குப் போகிற பிள்ளைகள் அவர்கள். முதல் பாடம் கழுவுவதுதான். எதை முதலில் ஊற்றுவது, எந்தத் தண்ணீரில் அலசுவது, எப்படிக் கவிழ்ப்பது, எல்லாவற்றையும் பக்கத்தில் நின்று காட்டிக் கொடுக்கிறேன். அவர்களில் கடைசி பெஞ்சுப் பிள்ளைக்கும் அது தெரியும்.

உங்களுக்கு மட்டும் தெரியாது, சார். இங்கேயும் எழுதமாட்டேன்.